முப்பத்து நான்காம் எலி

நிலாவைக் காட்டிச் சோறூட்டும் ஊர்கள் உண்டு.
ஹூஸ்டனில், அந்த அக்டோபரில்,
நிலாவையே ஊட்டினார்கள்:
கரப்பானுக்கு, சிப்பிக்கு,
கால்வெஸ்டன் வளைகுடாவின் பழுப்பு இறாலுக்கு
இரையோடு பிசைந்து;
வெள்ளெலிக்கு மட்டும் ஊசியில்.

ஊசி போட்டவள் வெல்டா க்ரெனெக்.
கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கும்
கருப்பு ரப்பர் கைகளில் தன் கைகளை நுழைத்து
நாள் முழுக்க நிற்பாள்,
யாருடைய சட்டையையோ இரவல் வாங்கியவள்போல.

செவ்வாய்க்கிழமை, மூன்றரை மணி.
இடது சுண்டுவிரல் மடிப்பில்
ரப்பர் விட்டுக்கொடுத்தது.
சத்தம்கூட இல்லை.
நகக்கண்ணில் ஒரு கோடு கரி.
பென்சில் சீவினால் ஒட்டுமே, அவ்வளவுதான்.
முகர்ந்து பார்த்தாள்
(படிவத்தில் இதை எழுதவில்லை).
ஒரு வாசனையும் இல்லை.

மணி அலறியது. பின்னால் கதவு பூட்டிக்கொண்டது.
காலையில் உறைபெட்டியிலிருந்து எடுத்து வைத்த கோழி
வீட்டில் உருகி வழிந்துகொண்டிருக்குமே
என்பதுதான் முதலில் தோன்றியது.

உள்ளே மூவர் ஏற்கெனவே இருந்தார்கள்,
போய்விட்டு வந்தவர்கள்.
ஒரு சமையற்காரர், ஒரு மருத்துவர்.
வெல்டாவுக்கு ஆண்கள் அளவில் ஒரு பைஜாமா.

கமாண்டர் ட்ரூவெட் தூங்குவதில்லை.
நள்ளிரவில் காலுறையோடு சமையலறைக்கு வருவார்.
"அங்கே அது வெடிமருந்து வாசம் அடித்தது.
இங்கே வந்ததும் செத்துவிட்டது" என்றார் ஒருமுறை.
மற்ற இரவுகளில் ஒரே கேள்விதான்:
"எலிகள் எப்படி?"
ஊரில் விட்டுவந்த பிள்ளைகளை விசாரிக்கும் குரல்.

ஓர் எலி செத்தால்
யாரும் வெளியே போகப்போவதில்லை.
எல்லோருக்கும் தெரியும்.
யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆல்வின் வந்தான்,
கீமா துறையிலிருந்து, படகு கழுவிய கையோடு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.
அவன்மேல் எப்போதும் வீசும் இறால் கவிச்சி
இந்தப் பக்கம் வரவில்லை.
அதற்காக அவள் அழுவாள் என்று
அவளே நினைத்ததில்லை.
தொலைபேசியில் இறால் விலை சொன்னான்.
பையன் ராய்ஸ், விழுந்த பல்லைக்
கண்ணாடியில் வைத்து அழுத்திக் காட்டினான்.
"அவர்கள் எப்படிப்பட்டவர்கள்?" என்றான் ஆல்வின்.
யோசித்துவிட்டுச் சொன்னாள்:
"ஒருவர் குளியலறை விளக்கை அணைப்பதே இல்லை."

நாடு முழுக்கத் தேவாலயங்கள்
மூவருக்காக முழங்காலிட்டன.
வெல்டா ஓர் எலிக்காக வேண்டிக்கொண்டாள்.
முப்பத்து நான்கு.
அன்றைக்குக் கடைசியாக ஊசி வாங்கியது.
இரண்டு நாளாக உண்ணவில்லை என்று
தொலைபேசியில் சொன்னார்கள்.
டெக்ஸஸில் பிறந்தவள்தான்,
கடவுளிடம் மட்டும் தாத்தா காலத்துச் செக் மொழி.
அதில் எலிக்கு மிஷ் என்று பெயர்.
மிஷ், மிஷ், என்று இருட்டில் சொல்லச் சொல்ல
சிரிப்பு வந்தது, பயத்தோடு சேர்ந்து.

மூன்றாம் நாள் அது தின்றது.
ட்ரூவெட் சமையலறையில் உட்கார்ந்து
இரண்டு தட்டு முட்டை சாப்பிட்டார்.

பதினெட்டாம் நாள் கதவு திறந்தது.
முன்வாசலில் பேண்டு வாத்தியம், கேமராக்கள், மூவர்.
பக்கவாட்டுக் கதவு வழியாக
வெல்டா கார் நிறுத்துமிடத்துக்கு வந்தாள்.
வெயிலைப் பார்த்துத் தும்மினாள்.
யாரும் பதறவில்லை.

திங்கட்கிழமை.
மேசையில் பட்டியல் காத்திருந்தது:
பிழைத்திருப்பவை அனைத்தும்.
நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், எடையோடு.

புதிய கையுறை. இருமடங்கு தடிப்பு.
முப்பத்து நான்கின் காதில் மைப்புள்ளி.
கூண்டு திறந்ததும், இரை என்று எண்ணி,
மூக்கை நீட்டிக்கொண்டு தானே வந்தது.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, என்பார்கள்.
பிடித்துக்கொண்டு நின்றாள்,
பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும்வரை.

பிறகு குறிப்பேட்டில்:
நோய்க்குறி இல்லை. ஈரல் இயல்பு. எடை இயல்பு.
கையெழுத்து கோணவில்லை.
அதன் கீழே,
நல்ல பசியோடு இருந்தது,
என்று எழுதினாள்.
அதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு
முப்பத்தைந்தின் கூண்டை இழுத்தாள்.